இணையிய வரிசைமாற்றத்தைப் பெருக்காமலே எழுதலாம்

ப, த என இரண்டு வரிசைமாற்றங்களை (எண்களை இடம் மாற்றும் விதிகளை) தந்து, ப-வின் இணையியமான த·ப·த⁻¹ கேட்டால் மூன்றையும் பெருக்க உட்கார வேண்டாம்; த⁻¹ என்பது த-வின் நேர்மாறு. ப-வைச் சுழல்களாக எழுதி ((1 3 5) என்றால் 1 → 3 → 5 → 1), உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் த அனுப்பும் எண்ணால் மாற்றுங்கள். அடைப்புக்குறிகள் அப்படியே இருக்கட்டும்.

ப = (1 3 5)(2 4), த = (1 2 3)(4 5) என்றால் விடை (2 1 4)(3 5). காரணம் எளிது: ப என்பது 1-ஐ 3-க்கு அனுப்பினால், த·ப·த⁻¹ என்பது த(1)-ஐ த(3)-க்கு அனுப்பும். வெறும் பெயர் மாற்றம்தான்; அதனால்தான் சுழல் நீளங்கள் மாறுவதே இல்லை.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் பெருக்கும் திசை. மேலே உள்ளது வலமிருந்து இடமாகப் பெருக்கும் வழக்கம். உங்கள் பாடநூல் இடமிருந்து வலமாகப் பெருக்கினால், இதே விடை த⁻¹·ப·த-க்கு உரியது. குழப்பினால் (3 2 4)(1 5) வரும். சுழல் நீளம் சரியாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது.

இரண்டு இணையியங்களைத் தந்து, முதலாவதை இரண்டாவதாக்கும் த-வையே கண்டுபிடிக்கச் சொன்னால், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். 5 எண்களில் (1 2 3)(4)(5)-க்குக் கீழே (2 5 4)(1)(3). மேலிருந்து கீழே படித்தால் த = (1 2 5 3 4). அசையாத எண்களை விட்டுவிட்டால் த அரைகுறையாக நிற்கும். கீழ்வரியைச் சுழற்றியும், 1, 3 இரண்டையும் இடம் மாற்றியும் எழுதலாம்; ஆக 3 × 2 = 6 விடைகள். 5 எண்களின் மொத்த வரிசைமாற்றங்கள் 120; 120 ÷ 6 = 20, எல்லா மூன்றுசுழல்களும் அவ்வளவே.

இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டு எண்களை இடம் மாற்றும் படிகளாகப் பிரித்தால் படிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருபவை) மட்டும் உள்ள குலத்தில் கவனம். 4 எண்களில் (1 2 3)-ஐ (1 3 2) ஆக்குபவை (1 2), (1 3), (2 3) மட்டுமே, மூன்றும் ஒற்றை. எனவே அந்தக் குலத்தில் (1 2 3), (1 3 2) இரண்டும் இணையியங்கள் அல்ல. 5 எண்கள் இருந்தால் (2 3)(4 5) கைகொடுக்கும்.