மில் தொழிலாளர் ஆய்வுக்கு நிதி கேட்பது எப்படி?

திண்டுக்கல், ஈரோடு பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்க்கும் பெண்களின் நிலையை ஆய்வு செய்ய நினைக்கும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"தொழிலாளர் உரிமை நிலை" என்று எழுதினால் எந்த அறக்கட்டளையும் இரண்டாம் பக்கம் புரட்டாது. ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும். அதற்குக் கீழே மெஸ்ஸுக்கும் விடுதிக்கும் பிடித்தது. ஓவர்டைமுக்குக் கட்டமே இல்லையா? சரி, உங்கள் கேள்வி கிடைத்துவிட்டது.

பன்னாட்டு நிறுவனங்களை ஆராயும் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு, நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் பற்றி 2011-ல் இன்னொரு அமைப்போடு கூட்டாக வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். இளம் பெண்களுக்கு மூன்று வருடம் வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்ற ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துணி எந்த வெளிநாட்டு பிராண்டுக்குப் போகிறது என்பதுவரை தேடிப் போனார்கள்.

2. பணம் எங்கிருந்து வருகிறது?

நிதி கொடுக்கும் லௌடெஸ் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளை 2020-ல் தொடங்கியது. அதன் பின்னால் இருப்பது சி அண்டு ஏ துணிக்கடைகளை நடத்தும் குடும்பம். அதனால் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. முடிவு யாருக்குப் பாதகமாக இருந்தாலும் வெளியிடும் உரிமை எங்களுடையதே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கும் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் வேறு விஷயம். எந்த மில்லை ஆய்வு செய்கிறீர்களோ, அந்த மில்லின் பணத்தைத் தொடாதீர்கள்.

3. எஃப்.சி.ஆர்.ஏ.

இது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம். வெளிநாட்டு நிதி வாங்க இந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். பதிவு கிடைக்க அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். முன்பெல்லாம் பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியை வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. பதிவும் முன் அனுமதியும் இல்லையென்றால் உள்நாட்டு அறக்கட்டளைகளிடம் போங்கள்.

4. பட்ஜெட்

இங்கேதான் நிதானம் வேண்டும். விடுதி வாசலில் பேட்டி எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகலாம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டில் வைத்துப் பேசுங்கள். அதற்கு இரண்டு பெண் ஆய்வாளர்களின் பஸ் செலவு, இரவு தங்கும் செலவு எல்லாம் பட்ஜெட்டில் ஏற வேண்டும். பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டிவைக்க ஏற்பாடு, வெளியிடும் முன் வக்கீல் ஒருவர் படித்துப் பார்க்கக் கட்டணம், இவையும் வேண்டும்.

எங்கள் முதல் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும்தான் வந்தது. பேட்டி கொடுத்த பெண் ஒருத்தி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "இதுல என் சம்பளச் சீட்டு எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள். அப்புறம் நாங்கள் எழுதிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் "தமிழ்ப் பதிப்பு, 200 பிரதி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு" என்று தனி வரி இருக்கிறது.