மாற்றுறுப்பு பெற்றவருக்குத் தலைவலி நீடித்தால்: வீட்டார் செய்ய வேண்டியவை

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிப் பொருத்தப்பட்டவருக்குச் சில நாள்களாகத் தலைவலி விடாமல் இருக்குமானால், அதை வெயில் என்றோ சைனஸ் என்றோ வீட்டிலேயே முடிவுகட்டிவிடாதீர்கள். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு மாத்திரைகள் நோய் எதிர்ப்பாற்றலைத் தணித்து வைப்பதால், பிறருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத பூஞ்சைகள்கூட மூச்சுடன் நுரையீரலுக்குள் இறங்கி, அங்கிருந்து இரத்தத்தின் வழியே மூளையை அடையக்கூடும். புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளை உறையை அழற்சியுறச் செய்கிறது.

காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். கழுத்து விறைப்பும் பலருக்கு வருவதில்லை. மறதி, பேச்சில் குழப்பம், வாந்தி, இரட்டைப் பார்வை ஆகியவற்றைக் கவனியுங்கள். வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, கண்ணைச் சுற்றி வீக்கம், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள்.

முதலில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவக் குழுவுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். அக்குழு சென்னையிலும் நீங்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கமும் இருந்தால், அங்கே போகும்வரை காத்திராமல், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மரிலோ உடனே காட்டி, மாத்திரைச் சீட்டை நீட்டி, "இவர் மாற்றுறுப்பு பெற்றவர்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தர வேண்டாம். எதிர்ப்பாற்றல் தணிக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மூளை உறையில் தொற்று உள்ளதா என்று அறிய, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரை மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். முதுகில் ஊசியிட்டு அந்த நீரை எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்னும் அச்சத்தில், உறவினர்கள் பலர் கையெழுத்திட மறுக்கிறார்கள். அந்தத் தயக்கத்தில் இழக்கும் நாள்கள்தாம் உயிரைக் குடிக்கின்றன. ஊசி இறங்கும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு, இடுப்புப் பகுதியில் உள்ளது. தேவையானபோது மூளையை ஸ்கேன் செய்து பார்த்த பின்பே நீர் எடுப்பார்கள். அந்நீரில் கிரிப்டோகாக்கஸின் ஆன்டிஜெனை, அதாவது அப்பூஞ்சையை அடையாளம் காட்டும் பொருளை, கண்டறியலாம். தலைக்குள் ஏறிய அழுத்தத்தை அளந்து, நீரை வடித்துக் குறைக்கவும் முடியும். ஐயமிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், ஆனால் மறுத்துவிடாதீர்கள்.

கிரிப்டோகாக்கஸ் உறுதியானால், பூஞ்சையைக் கொல்லும் மருந்துகளாகக் குறைந்தது 2 வாரம் ஆம்போடெரிசின்-பி ஊசியும் ஃபுளூசைட்டோசினும், பிறகு பல மாதங்கள் ஃபுளுகோனசோல் மாத்திரையும் தரப்படுவது வழக்கம். ஆம்போடெரிசின் சிறுநீரகத்தை வாட்டும் என்பதால், இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்ப்பார்கள். ஃபுளுகோனசோல் இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்தும். ஃபுளுகோனசோலை நிறுத்தியதும் அந்த அளவு இறங்கி, உறுப்பு நிராகரிக்கப்படும் ஆபத்து எழும். எனவே, மாத்திரையைத் தொடங்கும்போது மட்டுமின்றி நிறுத்தும்போதும் டாக்ரோலிமஸ் அளவைப் பரிசோதிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.