பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன்: மதுரையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

சொக்கிகுளத்தில் ஒரு வீட்டைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது முகப்பில் சாரம் கட்டியாகிவிட்டது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் நடுவே சிமெண்டில் புடைப்பாக எழுதியிருந்த 1957இல் 19 மட்டும் மிச்சம். மற்ற இரண்டு எண்களும் கீழே காரைக் குவியலில் கிடந்தன. "எலிவேஷன மொத்தமா மாத்தப் போறோம்ணே, அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்" என்றார் வீட்டுக்காரரின் மகன். அவருடைய அப்பா உள்ளே ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான். நான் இருந்த ஒரு மணி நேரமும் வாய் திறக்கவில்லை.

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கோயிலைச் சுற்றிய வீதிகளின் வீடுகளைப் பற்றியோ செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியோ பேச இப்போது ஆள் இருக்கிறது. சொக்கிகுளம், தல்லாகுளம், ஷெனாய் நகர், எஸ்.எஸ். காலனி, திருநகர் பக்கம் சுதந்திரத்துக்குப் பிறகு எழும்பிய வீடுகளுக்குப் பரிந்து பேச ஆளில்லை. வளைந்த முனை கொண்ட போர்டிகோ, சன்னலைச் சுற்றிப் பெட்டி போல் நீட்டிய சிமெண்ட் சட்டம், மாடிப்படிச் சுவரில் காற்று வர ஓட்டை ஓட்டையாக விட்ட ஜாலி, மொசைக் தரை, கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் என்று இருக்கும். மிட்-செஞ்சுரி மாடர்ன் என்று உலகம் சொல்லும், இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதிப் பாணியின் நம்மூர் உருவம் இது. சண்டிகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கட்டியதற்கும், புதுச்சேரி ஆசிரமத்துக்கு அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதிக்கும் தூரத்துச் சொந்தம். நம் மேஸ்திரிகள் அதைப் பார்த்தும் கேட்டும் எடுத்துக்கொண்டு, நம் வெயிலுக்கும் நம் கையிருப்புக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் சும்மா நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் சுத்தியல் எடுப்பதுதான் முதல் தவறு.

சன்ஷேடை வெட்டுவது

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் தெற்குச் சன்னலுக்கு மட்டுமல்ல, வடக்குச் சன்னலுக்கும் இங்கே நிழல் வேண்டும். மேற்குச் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்டிச் சட்டத்தின் பக்கவாட்டுப் பலகைகள் அந்தச் சாய்வெயிலுக்காகத்தான் வைக்கப்பட்டவை.

இதை வெட்டிச் சமமாக்கி, முகப்பில் அலுமினியத் தகடும் நீலக் கண்ணாடியும் ஒட்டுகிறார்கள். முதல் கோடையிலேயே ஏசி இல்லாமல் உட்கார முடியாது. ஐப்பசி மழை வந்தால், தண்ணீரைத் தள்ளிவிட மேலே ஒன்றும் இல்லாததால் சன்னல் நிலையின் மேல்மூலையில் ஈரம் இறங்கும். பிறகு அதற்கு ஒரு தகரக் கொட்டகையை முன்னால் மாட்டுவார்கள். இந்த வரிசையை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. சன்ஷேட், போர்டிகோ போன்று நுனியில் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகைகளில் கம்பி மேல்பக்கமாக ஓடும். உள்ளே இருக்கும் சுவரின் பாரம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சுவரை இடித்தாலும், பலகையின் நுனியில் புதிதாகச் சுவர் எழுப்பினாலும் பிடி விட்டுப்போகும். போர்டிகோ மேலே ஒரு ரூம் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்கும் வரை ஒரு செங்கல் கூட வைக்க விடாதீர்கள்.

ஹாலைப் பெரிதாக்குவது

இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் தூண் கிடையாது. கூரையின் எடை முழுவதும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில்தான் இறங்குகிறது. அப்போது சிமெண்டுக்கு அரசிடம் பெர்மிட் வாங்க வேண்டும். கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்ததே 1982இல்தான். ஆகவே சுவரைச் சுண்ணாம்புக் காரையில் கட்டிவிட்டு, கிடைத்த சிமெண்டைக் கூரைக்கும் சன்ஷேடுக்கும் ஒதுக்கிய வீடுகள் நிறைய. அப்படிப்பட்ட வீட்டில் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருக்கிற சுவர் தடுப்புச் சுவர் அல்ல. அதை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன் வைத்தால் மேல்தளம் தொய்யும். ஒயர் பதிக்கச் சுவரின் குறுக்கே நீளமாகக் காடி வெட்டுவதும் அதே ரகம்தான். வெட்டியே ஆகவேண்டுமென்றால் மேலிருந்து கீழாக வெட்டச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சும் பட்டியும் எமல்ஷனும் அடித்தால், சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழி இல்லாமல் உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்பில் பூசியதைச் சுண்ணாம்பிலேயே சரிசெய்ய வேண்டும். தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், கொஞ்சம் தேட வேண்டும்.

மொட்டை மாடி

கூரை மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். அதற்கு முந்திய வீடாக இருந்தால் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிய மட்டப்பா. இரண்டுமே வெயிலைத் தாங்கி, உள்ளே இறங்கும் சூட்டைத் தாமதப்படுத்தும். ஒழுகுகிறது என்றதும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அதன் மேலேயே ஓர் அங்குலம் சிமெண்ட் கலவை போடுகிறார்கள். ஐந்து வருடத்தில் மறுபடி ஒழுகும். மறுபடி ஓர் அங்குலம். ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஓர் அங்குலக் கலவை என்றால் சுமார் அரை டன் எடை. பத்துச் சதுர வீட்டில் இரண்டு தடவை போட்டால் பத்து டன்னை அந்தக் கிழட்டுக் கூரையின் தலையில் ஏற்றிவிட்டோம் என்று அர்த்தம்.

ஒழுகுவது பெரும்பாலும் நடுக்கூரையில் அல்ல. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையிலும், தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயிலும்தான் பாருங்கள். உடைந்த தட்டோட்டை எடுத்து, அந்த இடத்தை மட்டும் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து திரும்பப் பதித்தால் பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.

உள்கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருத்துவது வேறு நோய். அந்தக் காலத்துக் கம்பி முறுக்கில்லாத வழவழப்பான உருட்டுக் கம்பி. ஈரம் பட்டுத் துரு ஏறினால் பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும். அதன் மேல் கலவையை அப்பி மூடுவது தவறு. ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் அடுத்த முறை விழும்வரை யாருக்கும் தெரியாது. தளர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருக்காப்புப் பூசி, அதற்கென்றே விற்கும் பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் இன்னொரு கெடுதலும் செய்கிறது. சூடான காற்று மேலே ஏறும். அது வெளியே போகத்தான் வெண்டிலேட்டரை அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். சீலிங் வந்ததும் வெண்டிலேட்டர் அட்டைக்கு மேலே அகப்பட்டுக்கொள்கிறது. படிக்கட்டு ஜாலியைத் தூசி வருகிறது என்று கண்ணாடி வைத்து மூடுவதும் இதே கதைதான். கொசுவும் தூசியும்தான் தொல்லை என்றால் உள்பக்கம் வலை அடித்தால் போதும்.

மொசைக்கின் மேல் டைல்ஸ்

போன வருடம் எஸ்.எஸ். காலனியில் ஓர் அம்மா, "தரை கன்னங்கரேல்னு ஆயிருச்சு தம்பி, டைல்ஸ் போட்ருவோம்" என்றார். கட்டிலை நகர்த்தச் சொன்னேன். கட்டில் கால் நின்ற இடத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு வெளிர் பச்சை தெரிந்தது. "ஒரு ரூமுக்கு மட்டும் பாலிஷ் போட்டுப் பாப்போம்மா, பிடிக்கலன்னா டைல்ஸ் போட்டுக்கங்க" என்றேன். மெஷின்காரர் தண்ணீர் விட்டு முதல் கல்லை ஓட்டினார். அறுபது வருட மெழுகும் அழுக்கும் சாம்பல் நிறக் கூழாக ஒதுங்கியது. துடைப்பத்தால் தள்ளித் தண்ணீர் ஊற்றியதும், பச்சையில் வெள்ளையும் கறுப்புமாகச் சலவைக்கல் துணுக்குகள் எழும்பி வந்தன. ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கரை. அந்த அம்மா வாசற்படியில் நின்றபடியே, "இது எங்க கல்யாணத்தப்ப இருந்த தரை" என்றார். அடுத்த அறையைக் காலி செய்ய அவரே பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார்.

டைல்ஸ் போட்டிருந்தால் தரை ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும். எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டும். குளியலறை வாட்டம் தவறும். மொசைக்கைப் பல முறை தேய்த்து மெருகேற்றலாம். கறை போக ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், சலவைக்கல்லை அது தின்றுவிடும். ரெட் ஆக்சைடு தரைக்கும் ஆசிட் ஆகாது.

சுவர், கிணறு, கதவு

சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்கு வருகிற இரவில், தல்லாகுளம் பக்கத்து வீடுகளின் இடுப்பளவுக் காம்பவுண்டுச் சுவரில் வெளியூர்ச் சனம் உட்கார்ந்து இளைப்பாறும். வீட்டுக்காரர்கள் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிறுவயதில் நானும் அப்படி ஒரு சுவரில் தூங்கி விழித்திருக்கிறேன். அதே சுவர்கள் இப்போது ஏழடி, மேலே கண்ணாடிச் சில்லு. பாதுகாப்பு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பழைய சுவரை வைத்துக்கொண்டு அதன் மேல் கம்பித் தடுப்பு கொடுத்தாலே போதும். காற்றும் வரும், தெருவும் தெரியும்.

முற்றம் முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டுக் கிணற்றையும் மூடாதீர்கள். மேலே மேலே தார் போட்டதில் ரோடு உயர்ந்து, இந்த வீடுகள் பலவும் பள்ளத்தில் நிற்கின்றன. மழைத்தண்ணீர் இறங்க அந்த மண்ணும் கிணறும்தான் வழி. வற்றிய கிணறானாலும் மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடலாம்.

கடைசியாக, ஒப்பந்தம் எழுதும்போதே கதவு, சன்னல், நிலை, கிரில் எல்லாம் வீட்டுக்காரருக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் அப்பா வீட்டில் அந்த வரி இல்லை. வேலை எடுத்தவர் பர்மா தேக்குச் சன்னல் பன்னிரண்டையும் "பழைய சாமான்" என்று ஒரே நாளில் வண்டியேற்றிவிட்டார். நான் ஊரில் இல்லை. பரணில் ஒற்றைக் கதவு மட்டும் தப்பியது. பித்தளைக் கொண்டி இன்னும் சிக்காமல் விழுகிறது.