வீட்டிலிருந்து ஆரிப் பொருட்கள் விற்கலாமா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரி, அதாவது பிரேமில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் பூவேலை, வகுப்பில் கற்று முடித்த கையோடு பலருக்கும் வருகிற யோசனை இது. "பிளவுஸில் ஆரி போட்டுக் கொடுத்தால் முதுகுவலிதான் மிச்சம். மணி, நூல், ஜரி வாங்கி வைத்து விற்றால் உட்கார்ந்த இடத்தில் காசு வருமே." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மதுரையில் வீட்டின் முன்னறையில் ஒரு இரும்பு அலமாரியோடு தொடங்கினேன், இது ஐந்தாவது வருடம். "நானும் ஆரம்பிக்கலாமாக்கா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "உங்ககிட்ட யார், எதுக்காக வாங்க வருவாங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில், "சென்னை சௌகார்பேட்டையில ரொம்ப மலிவா கிடைக்குதுக்கா" என்பது. நான் கேட்டது வாங்க வருகிறவர்களைப் பற்றி. அவர்கள் சொல்வது சரக்கைப் பற்றி. முக்கால்வாசித் தவறுகள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் கொள்முதலுக்கு நான் சென்னைக்குப் போனபோது கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தது. மொத்தக் கடையில் நிற்கும்போது கண்ணுக்கு அழகாக இருப்பதெல்லாம் தேவையாகத் தெரியும். சில்க் திரெட்டில் அறுபது நிறம் எடுத்தேன். குந்தன் கற்களை அங்கே கிராஸ் கணக்கில் தருவார்கள், ஒரு கிராஸ் என்றால் 144 கல். விலை குறைகிறதே என்று ஒவ்வொரு அளவிலும் பத்து கிராஸ் வாங்கினேன். ஊருக்கு வந்து ஆறு மாதம் விற்ற பிறகு பார்த்தால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை பத்துப் பன்னிரண்டு நிறங்கள்தான்: அரக்கு, மெரூன், பச்சை, மயில் நீலம், சந்தன நிறம் என்று பட்டுப் புடவையோடு போகிறவை. லாவெண்டரும் பீச்சும் எனக்குப் பிடித்த நிறங்கள். அவை இன்னும் அலமாரியில் இருக்கின்றன. மொத்த விலையில் கிடைத்த தள்ளுபடி முழுவதும் அந்த விற்காத நூலில் போய்விட்டது. நூறு ரூபாய்ச் சரக்கை எண்பதுக்கு வாங்கினாலும் பாதி தேங்கி நின்றால், விற்ற பாதியின் அடக்கவிலையும் எண்பதுதான்.

அப்படியானால் வீட்டுக் கடைக்கு எதற்காக வருகிறார்கள்? ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு தையல்காரத் தங்கை வந்தாள். "அக்கா, ஆன்டிக் கோல்டு கட் பீட்ஸ் கொஞ்சம் குறையுது, காலையில பிளவுஸ் குடுக்கணும்." அவளுக்கு வேண்டியது இருபது கிராம் மணி. கடைவீதியில் அந்நேரம் கடை திறந்திருக்காது. திறந்திருந்தாலும் சில கடைகளில் நூறு கிராம் பாக்கெட்டுக்குக் குறைவாகப் பிரித்துத் தர மாட்டார்கள். ஐந்து ரூபாய் கூடுதலாக இருந்தும் அவள் பேரம் பேசவில்லை. சின்ன அளவு, சரியான நிறம், கேட்ட நேரத்தில் கையில் கிடைப்பது: வீட்டிலிருந்து விற்கிறவர் தரக்கூடியது இதைத்தான். விலையில் மொத்தக் கடையோடும் இணைய விற்பனைத் தளங்களோடும் போட்டி போட இறங்கினால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே உங்களைச் சுற்றி, நடந்து வரும் தூரத்தில், ஆரி போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வகுப்பு எடுக்கிறவராக இருந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது. மாணவிகளுக்கு ஊசி, பிரேம், துணி, நூல், மணி எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகவே கொடுக்கலாம், தொகுப்பில் எதுவும் தேங்காது. வகுப்பும் கிடையாது, பக்கத்தில் தையல்காரர்களும் கிடையாது என்றால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது லாபக் கணக்கு. "முந்நூறுக்கு வாங்கி ஐந்நூறுக்கு விற்கிறேன், இருநூறு லாபம்" என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். அரைக் கிலோ சுகர் பீட்ஸ் (பொடி மணி) முந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து கிராம் வீதம் இருபது பாக்கெட் போட்டு, ஒன்று இருபத்தைந்து ரூபாய்க்கு விற்றால் ஐந்நூறு. ஜிப் கவரும் லேபிளும் பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் முப்பது போயிற்று. கொள்முதல் பயணச் செலவில் இந்தச் சரக்கின் பங்கு நாற்பது. மூன்று பாக்கெட் விற்காமல் நின்றால் எழுபத்தைந்து. மிச்சம் ஐம்பத்தைந்து ரூபாய். இதற்கு ஒரு மணி நேரம் தராசு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள், வாட்ஸப்பில் பத்துப் பேருக்குப் பதில் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆரி போட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? அதையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு சுகர் பீட்ஸைப் பிரித்துக் கட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். ஊசி, பிரேம், கத்தரி போன்றவற்றைக் கூட்டினேன். அவற்றுக்குப் பிரிப்பு வேலை கிடையாது.

பிரித்துக் கட்டுவதில் சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. எடை போட்டு முன்கூட்டியே அடைத்து வைத்து விற்கும் பாக்கெட்டில், அடைத்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை போன்றவை இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. வீட்டுக் கடைதானே என்று விட்டுவிடுகிறோம். ஒரு சின்ன ஸ்டிக்கர் அடித்து ஒட்டுவது பெரிய வேலை இல்லை. வாங்குகிறவருக்கும் நம் மேல் மரியாதை வரும்.

அப்புறம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை பதிவு தேவையில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சரிதான், வீட்டுக் கடை அந்த அளவை நெருங்கப் போவதில்லை. ஆனால் மாநில எல்லை தாண்டி ஒரு பார்சல் அனுப்பினாலே கணக்கு மாறுகிறது. வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்க, விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். இதில் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் ஊர் புதுச்சேரி. கடலூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான், ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வேறு பிரதேசம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்பினாலும் அப்படியே. "கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டே" என்பார்கள். அந்த விலக்கு கையால் செய்து முடித்த, பட்டியலில் உள்ள பொருட்களுக்கு உரியது. நாம் விற்கும் மூலப்பொருட்களுக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. இணைய விற்பனைத் தளங்களைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் முதல் பதிவு இல்லாதவரும் ஒரு சேர்க்கை எண் (என்ரோல்மென்ட் நம்பர்) வாங்கிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்க வழி இருக்கிறது. எனவே முகநூலில் "இந்தியா முழுவதும் அனுப்பப்படும்" என்று எழுதுவதற்கு முன் ஒரு கணக்காளரிடம் பேசிவிடுங்கள். நான் இன்றுவரை மாநிலத்துக்குள் மட்டும்தான் அனுப்புகிறேன். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு பற்றியும் கேட்பார்கள்; அரசு தளத்தில் அது இலவசம், அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பார்சல் என்றதும் நிறம் ஞாபகம் வருகிறது. எனக்குத் திரும்பி வந்த பார்சல்களில் ஏறக்குறைய எல்லாமே நிறச் சிக்கல்தான். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அரக்கு ஒரு மாதிரி தெரியும், பகலில் வேறு மாதிரி. ஒரே ஷேடு எண்ணிலேயே அடுத்த லாட்டில், அதாவது அடுத்த தடவை சாயம் போட்டு வரும் சரக்கில், நிறம் கொஞ்சம் மாறி வருவதுண்டு. பாதி பிளவுஸ் முடித்தவர் மறுபடி அதே எண்ணைக் கேட்டு, வந்தது பொருந்தாவிட்டால் பழி நம் மேல் விழும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல் வைத்துப் படம் எடுங்கள். "முழு வேலைக்கும் வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூரியரில் எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள் என்பதும் மறந்துபோகும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைப் பல நிறுவனங்கள் கிலோவாக எடுத்துக்கொள்கின்றன. 40 × 40 × 10 பெட்டியில் ஒரு பெரிய பிரேம் போனால் 3.2 கிலோவுக்குக் கட்டணம், உள்ளே இருப்பது அரைக் கிலோவாக இருந்தாலும்.

கெட்டுப்போகும் சரக்கை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பசை இறுகும். ஆரியோடு சேர்த்து மற்ற கைவேலைப் பொருட்களும் வைக்க நினைத்தால், களிமண் பாக்கெட்டில் காற்று புகுந்தால் கல்லாகிவிடும், அச்சில் ஊற்றி இறுக வைக்கும் ரெசின் நாளானால் மஞ்சளாகும். ரெசினுக்கு வாடை உண்டு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் சேர்த்து வைக்கக் கூடாது. செம்பு கலந்த ஜரி மழைக்கால ஈரத்தில் கறுக்கும், காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மணியும் ஊசியும் கீழே சிந்தும், தவழும் குழந்தை இருந்தால் பூட்டுள்ள அலமாரி கட்டாயம். சமூக வலைத்தளங்களில் திடீரென்று எல்லோரும் செய்கிற ஒன்றை நம்பியும் சரக்கு எடுக்காதீர்கள். ஒரு காலத்தில் காகித நாடாவைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் பேப்பர் கம்மலுக்கு அத்தனை கிராக்கி இருந்தது. அதை நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கிய என் தோழி, கடைசியில் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தாள்.

முகூர்த்தக் காலண்டரைப் பார்க்காமல் கொள்முதல் செய்வதும் தவறு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, பிளவுஸ் வேலையும் குறைவு. ஆவணிக்கும் தைக்கும் வேண்டியதை முந்தைய மாதம் பாதியில் எடுத்தால் போதும். நான் முதல் வருடம் வைகாசி விற்பனையைப் பார்த்து உற்சாகத்தில் ஆனிக் கடைசியில் சரக்கு ஏற்றினேன். ஆடி முழுவதும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பணம் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுப்பது: "அடுத்த வாரம் தர்றேன்க்கா" என்பவரிடம் முகம் பார்த்து மறுக்க முடிவதில்லை. முந்நூறு ரூபாய் வரை, பழைய பாக்கி தீர்ந்தால்தான் புதிது என்று ஒரு வரம்பு வைத்த பிறகு எனக்கு நிம்மதி. இன்னொன்று, நம் சொந்த வேலைக்குச் சரக்கை எடுப்பது. கைவேலை தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மகளின் பாவாடைக்கு ஐம்பது கிராம், தங்கை பிளவுஸுக்கு நூறு கல் என்று எடுப்போம், எங்கும் எழுத மாட்டோம். மாதக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று தேடுவோம். நாமே எடுத்தாலும் அடக்கவிலையைக் கடை டப்பாவில் போட வேண்டும். நகையை அடகு வைத்து முதல் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வட்டி மாதாமாதம் ஓடும், லாவெண்டர் நூல் ஓடாது.

முடிவெடுக்க என்ன செய்யலாம்? மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்கு, பத்து வகைப் பொருள் மட்டும் எடுங்கள். மூன்று மாதம் ஒரு நோட்டு வையுங்கள். இடப் பக்கம் விற்றவை, வலப் பக்கம் கேட்டு இல்லாமல் போனவை. மூன்று மாதத்தில் போட்ட முதல் திரும்பவில்லை, வலப் பக்கமும் காலியாக இருக்கிறது என்றால் அந்தத் தெருவில் இந்த வியாபாரத்துக்கு இடமில்லை. மிஞ்சியதை உங்கள் சொந்த ஆர்டருக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம், பெரிய நஷ்டம் வராது. வலப் பக்கம் நிரம்பினால், ஒரே பொருளை நாலு பேர் கேட்டிருந்தால், அடுத்த கொள்முதலுக்கு அதுதான் பட்டியல். நான் இப்போது சென்னைக்குப் போகும்போது அந்த வலப் பக்கங்களை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறேன். அதில் இல்லாத எதையும் வாங்குவதில்லை.