டெல்டா பக்கம் கார்ல வர்றீங்களா? போனையே வழிகாட்டியா செட் பண்றது இப்படித்தான்

நவக்கிரக கோயில் சுத்தறதுக்கு கார்ல கும்பகோணம் பக்கம் வர்றவங்க காருக்குனு தனியா நேவிகேஷன் மிஷின் எல்லாம் வாங்க வேணாம், கையில இருக்கற ஆண்ட்ராய்ட் போனே போதும். ஆனா நம்ம பக்கம் ரோட்டை விட பாலந்தான் முக்கியம், இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க. தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர், அதுக்குள்ளயே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரினு அஞ்சு ஆறு தாண்டணும். தப்பான கரையில ஏறிட்டா போக வேண்டிய ஊரு எதிர்லயே தெரியும், ஆனா அடுத்த பாலம் வர்ற வரைக்கும் கரையோட போய்ட்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் வேலை, கிளம்பறதுக்கு முந்தின நாளு வீட்டு வைஃபைலயே மேப்பை இறக்கி வச்சுக்கறது. கூகுள் மேப்ஸ்ல மேல உங்க போட்டோ இருக்கும்ல, அதைத் தொட்டு ஆஃப்லைன் மேப்ஸ் போங்க, நீங்களே இடத்தை செலக்ட் பண்றதுக்கு ஒரு கட்டம் வரும், மேக்க திருச்சி, கெழக்க நாகப்பட்டினம், வடக்க சிதம்பரம், தெக்க முத்துப்பேட்டை அடங்கற மாதிரி கட்டத்தை வச்சு டவுன்லோட் குடுங்க. நெட் இல்லாம எப்படி வழி காட்டும்னு நெறய பேர் கேக்கறாங்க. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்தற சாட்டிலைட்லேர்ந்து நேரா போனுக்கு வருது, அதுக்கு சிம் கூட வேணாம். ஆஃப்லைன்ல டிராஃபிக் நிலவரமும் மாத்து வழியும் காட்டாது, அவ்ளோதான்.

அடுத்து ஹோல்டர். டேஷ்போர்டு மேல வெயில் படற எடத்துல ஒட்டாதீங்க, சித்திரை வெயில்ல போன் சூடாகி ஸ்கிரீன் மங்கிடும், ஏசி வென்ட்ல மாட்டறது பெட்டர். ஸ்கிரீனும் ஜிபிஎஸ்ஸும் சேந்து சார்ஜை குடிச்சிடும், அதனால கார் சார்ஜர் நல்லதா ஒண்ணு வாங்கிடுங்க. வழி பாக்க மட்டும் போனை யூஸ் பண்ணலாம்னு 2020லயே மோட்டார் வாகன விதியை திருத்திட்டாங்க, ஆனா ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாதுங்கறது அதுலயே இருக்கு.

கூகுள் மேப்ஸ் செட்டிங்ஸ்ல நேவிகேஷன் போய் குரலை தமிழுக்கு மாத்திக்கலாம். சத்தமே வரலன்னா புளூடூத்தைப் பாருங்க, போன் கார் ஸ்டீரியோவோட கனெக்ட் ஆகியிருக்கும், ஸ்டீரியோல எஃப்எம் ஓடிட்டு இருக்கும், குரல் எங்கயோ போயிடும். புளூடூத் வழியா குரல் வர்ற ஆப்ஷனை ஆஃப் பண்ணா போன் ஸ்பீக்கர்லயே பேசும்.

இப்ப ஊர் பேர் போடறது, இங்கதான் உஷாரா இருக்கணும். குரு கோயிலுக்கு வெறும் ஆலங்குடினு போட்டீங்கன்னா புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்கும் இழுத்துட்டு போகும், திங்களூருக்கு ஈரோடு பக்கம் இன்னொரு திங்களூர் இருக்கு. ஆலங்குடி ஆபத்சகாயேஸ்வரர் கோயில், திங்களூர் கைலாசநாதர் கோயில்னு முழுசா போடுங்க. ஒரே டிரிப்ல 9 ஸ்டாப் வரைக்கும் சேக்கலாம், கோயிலும் ஒம்போது, கூகுளுக்கே தெரிஞ்சிருக்கு போல! வரிசையை மட்டும் நீங்களே இழுத்து மாத்திக்கங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குன்னா அட்ரஸ் கேக்கவே கேக்காதீங்க, வாசல்ல நின்னுட்டு வாட்ஸப்ல லொகேஷன் அனுப்பச் சொல்லுங்க.

ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, மேல கார் படம் செலக்ட் ஆகியிருக்கா பாருங்க, பைக் படம் இருந்தா கார் நுழைய முடியாத சந்துலயும் படுகை ரோட்டுலயும் விட்டுடும். ரெண்டாவது, நீலக் கோடு ஆத்தை எங்க தாண்டுதோ அங்கல்லாம் விரலால பெருசாக்கி சாட்டிலைட் வியூல பாருங்க. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ரோடு அகலமா வந்து சேந்தா ஓகே, மெல்லிசா ஒரு கோடு மதகு மேல போற மாதிரி இருந்தா அது சைக்கிளும் டூவீலரும் போறதுக்குத்தான். குறுகலான ரோட்டை தவிர்க்கற வசதியை கூகுள் 2024ல கொண்டு வந்துச்சு, ஆனா ஆரம்பிச்சது சென்னை, கோயம்புத்தூர் மாதிரி 8 சிட்டிலதான், நம்ம வாய்க்கா கரைக்கு அதை நம்பிக்கிட்டு இருக்காதீங்க. நாலு நிமிஷம் மிச்சம்னு ஒரு வழி காட்டும், வேணாம், மெயின் ரோட்லயே போங்க. குறிப்பா குறுவை, சம்பா அறுப்பு நேரத்துல பாதி ரோட்டுல நெல்லு காயப்போட்டிருப்பாங்க, எதிர்ல அறுப்பு மிஷின் வந்தா ரிவர்ஸ்லயே ஊருக்குள்ள திரும்பி வரணும், மேப்புக்கு இதெல்லாம் எங்க தெரியும்.

சந்தேகம் வந்தா டீக்கடைல நிறுத்தி கேளுங்க, ஆனா "அண்ணே, இந்த வழி போகுமா"னு கேட்டா "போகுமே"னுதான் சொல்வாங்க. "அண்ணே, அந்தப் பாலத்துல காரு போகுமாண்ணே"னு கேளுங்க, அப்பதான் "காரா? அப்ப வேணாம் தம்பி, சுத்திக்கிட்டு போயிடு"னு சரியான பதில் வரும்.

போய் சேந்ததும் மேப்ல நீலப் புள்ளியைத் தொட்டு பார்க்கிங்கை சேவ் பண்ணிடுங்க. சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்துல வெள்ளைக் காருக்கு நடுவுல உங்க வெள்ளைக் காரை தேடறதுக்கு இது ரொம்ப உதவும்.