பிரேக்-பேரல் ஏர் ரைபிள்: கூடுதல் விலை கொடுக்கலாமா என்று முடிவு செய்வது எப்படி?

குழலையே நெம்புகோலாக மடக்கி உள்ளிருக்கும் சுருள்வில்லை அழுத்தி, பெல்லட் என்னும் சிறு உலோகக் குண்டை இட்டு, குழலை மூடிச் சுடும் காற்றுத் துப்பாக்கிதான் பிரேக்-பேரல். அமெரிக்கச் சந்தையில் இது நூற்றைம்பது டாலருக்கும் கிடைக்கிறது, அறுநூறு டாலருக்கும் கிடைக்கிறது. அதிக விலையுள்ள புதிய ரைபிள் ஒன்று வந்தால் சுடுபவர்கள் வாங்குவார்களா என்பது தயாரிப்பாளரின் கவலை. நாம் வாங்கலாமா என்பது நம்முடையது. இரண்டையும் தீர்ப்பது ஒன்றுதான்: அந்தக் கூடுதல் பணம் வேகத்துக்குச் செலவாகியிருக்கிறதா, ட்ரிகருக்கும் குழல் பூட்டுக்கும் செலவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளரின் கவலை வீணானதல்ல. 2018-இல் சிக் சாவர் நிறுவனம் ஏ.எஸ்.பி.20 என்ற பிரேக்-பேரலை அமெரிக்காவிலேயே செய்து வெளியிட்டது. சுருள்வில்லுக்குப் பதில் வாயு அடைத்த பிஸ்டன், மடக்குவதற்கு எளிய அமைப்பு, மூடும்போது ஆப்புப்போல் இறுகும் குழல்வாய், சரிசெய்யத்தக்க ட்ரிகர் என எல்லாமே அதில் இருந்தன. ஆய்ந்து பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆயினும் சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. 2012-இல் வந்த வால்தர் எல்.ஜி.வி.யும் நல்ல பெயர் எடுத்துப் பிறகு சந்தையை விட்டுப் போனதுதான். மாறாக, 1980களின் தொடக்கத்தில் பீமன் ஆர்1 என்றும் எச்.டபிள்யூ.80 என்றும் வந்த ஜெர்மானிய வைராக் நிறுவனத்தின் வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நல்ல பொருளாக இருப்பது மட்டும் போதாது, பத்தாண்டு கழித்தும் அதற்கு வாஷரும் வில்லும் கிடைக்க வேண்டும் என்பதை வாங்குபவர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, உங்களுக்கு வேண்டியது பிரேக்-பேரல்தானா என்று தீர்மானியுங்கள். கடந்த சில ஆண்டுகளில் முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் இயங்கும் பி.சி.பி. ரைபிள்களின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. முந்நூறு, நானூறு டாலரிலேயே துல்லியமானவை கிடைக்கின்றன. அவற்றில் பின்னுதைப்பு ஏறக்குறைய இல்லை. புதிதாகச் சுடுபவரும் சீக்கிரம் நல்ல குழுமத்தை, அதாவது குண்டுகள் நெருக்கமாக ஓரிடத்தில் விழுவதைக் காண்பார். ஆனால் கைப்பம்போ காற்றுத் தொட்டியோ கம்ப்ரெஸரோ இல்லாமல் அவை வெறும் குழாய்தான். பிரேக்-பேரலுக்கு ஒரு டப்பா பெல்லட் போதும். அந்தத் தன்னிறைவுக்காகப் பழகும் சிரமத்தை ஏற்கத் தயாராக இருப்பவரே இதற்கு நல்ல விலை கொடுக்கலாம். காகித இலக்கில் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் போதும் என்பவர் பி.சி.பி. பக்கம் போவதே சிக்கனம்.

அந்தச் சிரமம் எங்கிருந்து வருகிறது? ட்ரிகரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது, அதன் எதிர்விளைவாக ரைபிள் பின்னோக்கி நகர்கிறது. பிஸ்டன் தன் முன்னாலுள்ள காற்றை நசுக்கி நிற்கும்போது ரைபிள் சட்டென்று முன்னோக்கி உதைக்கிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்த அசைவு தொடங்கிவிடுவதால், கை எங்கே எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து அடி விழும் இடம் மாறுகிறது. இறுக்கிப் பிடிக்காமல், திறந்த உள்ளங்கையில் ரைபிளின் கட்டையைத் தளர்வாகக் கிடத்தி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்குவதைச் சுடுபவர்கள் ‘ஆர்ட்டிலரி ஹோல்ட்’ என்கிறார்கள். எவ்வளவு விலையுள்ள ரைபிளும் இந்தப் பழக்கத்திலிருந்து உங்களுக்கு விலக்களிக்காது; நல்ல ரைபிள் உங்கள் பிடியில் உள்ள சிறு பிழைகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பொருட்படுத்தாதீர்கள். வினாடிக்கு 1,200 அடி, 1,400 அடி என்பவை பெரும்பாலும் மிக இலேசான உலோகக் கலவை பெல்லட்டால் எடுத்த எண்கள்; ஒலியின் வேகத்தை நெருங்கும் பெல்லட் நிலைகுலைவதால் அவ்வேகம் துல்லியத்துக்கு எதிரி. பார்க்க வேண்டியது ஆற்றல். 4.5 மி.மீ. குழலில் 8.44 கிரெய்ன் (ஏறத்தாழ அரை கிராம்) எடையுள்ள பெல்லட் வினாடிக்கு 800 அடி சென்றால் ஏறத்தாழ 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல் வரும். பிரிட்டனில் உரிமமின்றி வைத்திருக்கத்தக்க ரைபிளின் எல்லை இந்த 12 அடி-பவுண்டுதான். ஸ்காட்லாந்தில் 2016-இன் இறுதியிலிருந்து இதற்கும் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் ‘எஃப்’ முத்திரை பதித்து உரிமமின்றி விற்கப்படுபவை 7.5 ஜூலுக்கு உட்பட்டவை. இந்தியாவில் 4.5 மி.மீ. விட்டத்தையோ 20 ஜூலையோ தாண்டினால் உரிமம் வேண்டும். ஆகவே ஒரே மாடல் ரைபிள் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வில்லோடு விற்கப்படுகிறது. வெளிநாட்டு மதிப்புரையில் கண்ட எண்ணை உங்கள் கடையில் எதிர்பார்க்காதீர்கள்.

கடையில் கையில் எடுத்ததும் முதலில் குழலின் மூட்டைப் பாருங்கள். குழலைப் பாதி மடக்கிய நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. மூட்டில் அடித்துச் செருகிய ஆணி இருக்கிறதா, திருகி இறுக்கத்தக்க போல்ட் இருக்கிறதா என்று கவனியுங்கள். போல்ட் என்றால் தேய்மானம் வந்தபின் இறுக்கிக்கொள்ளலாம். குழலை மூடும்போது வரும் ஒலி கெட்டியாக இருக்க வேண்டும். மடக்கி விசையேற்றும் நேரம் முழுவதும் ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்கட்டும். குழல் திறந்திருக்கையில் ட்ரிகர் நழுவினால் குழல் மேலே பாய்ந்து விரலை நசுக்கும், குழலும் வளையும். பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள். நசுங்கும் காற்றின் மெத்தை போதாமல் பிஸ்டன் சுவரில் மோதும். மடக்க எவ்வளவு வலு தேவை என்பதை ஒருமுறை மடக்கிப் பார்த்து முடிவு செய்ய முடியாது; மேக்னம் எனப்படும் அதிக ஆற்றல் ரைபிள்களில் சில 20 கிலோவுக்கு மேல் கேட்கும், முப்பதாவது முறை மடக்கும்போது கை நடுங்குமானால் அந்த ஆற்றலால் என்ன பயன்?

ட்ரிகர்தான் பணம் பேசுமிடம். வைராக்கின் ரெக்கார்ட் ட்ரிகரை ஒருமுறை விரலால் உணர்ந்தவருக்கு மற்றவற்றின் குறை விளங்கும்: முதல் கட்டம் இலேசாக நகர்ந்து ஓரிடத்தில் தெளிவாக நிற்கும், அதற்கு மேல் இழுப்பே தெரியாமல் விடும். இரண்டாவது கட்டத்தில் விரல் ஊர்ந்துகொண்டே போனால் அந்த ரைபிளுக்கு உயர்ந்த விலை தகாது என்பது என் துணிபு. எடை குறைந்த எச்.டபிள்யூ.30எஸ்ஸிலும் இதே ட்ரிகர் இருக்கிறது; பிரேக்-பேரலுக்குப் புதியவர், ஆற்றல் மிக்க எச்.டபிள்யூ.95-க்கு முன் அதை எடுத்துப் பார்ப்பது நல்லது.

சுட்டுப் பார்க்க இடம் கிடைத்தால் மூன்றைச் சோதியுங்கள். குழல் மூட்டின்மேல் ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்துச் சுடுங்கள். தாள் துள்ளினால் அங்கே காற்று கசிகிறது. சுட்டபின் ‘டொய்ங்’ என்று வில் அதிர்ந்தால் வில்லை உள்ளே தாங்கும் வழிகாட்டிக்கும் வில்லுக்கும் இடையே தளர்வு இருக்கிறது; மலிவான ரைபிளில் அதைப் பொறுக்கலாம், உயர்ந்த விலையுள்ளதில் பொறுக்கத் தேவையில்லை. மூன்றாவது, ஐந்து குண்டுக் குழுமத்தை நம்பாமல் பத்துச் சுடுங்கள். இரண்டு மூன்று வகைப் பெல்லட்டையாவது மாற்றிப் பாருங்கள், ஏனெனில் ஒரு குழல் விரும்பும் பெல்லட்டை இன்னொன்று விரும்பாது. புதிய ரைபிளின் முதல் சில பெல்லட்டுகளில் புகை வரலாம், உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் எரிவதுதான் அது. அதற்காக மேலும் எண்ணெய் விடாதீர்கள்.

பட்ஜெட்டில் ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கிக்கும்) இடம் விடுங்கள். இருபுறமும் உதைக்கும் ரைபிள் சாதாரண ஸ்கோப்பின் உள்ளுறுப்புகளைக் குலைத்துவிடும். ஏர்கன்னுக்கென்று குறிப்பிட்டு விற்பதையே வாங்க வேண்டும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுன்ட் பின்னோக்கி நகராதபடி தடுக்கும் ஊசிக்கான துளை உடலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பிரேக்-பேரல்களில் குழல் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதை ஈடுகட்டும் மவுன்டும் தேவைப்படலாம்.

கடைசியாக விற்பவரிடம் கேட்க வேண்டியது: பிஸ்டன் வாஷர், மெயின்ஸ்பிரிங், மூட்டு சீல் ஆகிய மூன்றும் தனியே வாங்கக் கிடைக்கின்றனவா, என்ன விலை? வாயு பிஸ்டன் என்றால், அது பழுதானால் யார் மாற்றித் தருவார்கள்? பதில் தடுமாறினால் ரைபிளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உடனே விவரம் சொன்னால் வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் கட்டையின் திருகுகளை இறுக்குங்கள், நூறு பெல்லட்டுக்குப் பிறகு மறுபடியும் இறுக்குங்கள்.