பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் போடலாம்?

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பல வீடுகளில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கும். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவோ தம்பியோ வாங்கியதாக இருக்கும், இல்லாவிட்டால் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் எடுத்ததாக இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடப் போனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது கேட்கிறது. காயலான் கடைக்குப் போடும் முன், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. "எது நல்ல லினக்ஸ்?" என்று ஆரம்பித்தால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். மெஷினில் எவ்வளவு ராம், அதில் யார் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று பாருங்கள். அந்த இரண்டும் தெரிந்தால் ஒன்றோ இரண்டோ பெயர்தான் மிஞ்சும். அதிலும் கடைசி முடிவை இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கும் லைவ் முறைக்கு விட்டுவிடுவேன்.

முதலில், யாருக்கு இது வேண்டாம்

பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள், கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள் அந்த வேலை நடக்கும் மெஷினில் கை வைக்காதீர்கள். இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஒயின் என்ற மென்பொருளை வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓடலாம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில் அது நின்றால் யார் பதில் சொல்வது? அப்படிப்பட்டவர்கள் வேறொரு மெஷினில் கற்றுக்கொள்ளலாம்.

படிப்பு, யூடியூப், ஆன்லைன் விண்ணப்பம், பேங்க் வேலை, கடிதம் அடிப்பது, பிள்ளைகள் பைத்தான் பழகுவது போன்ற வேலைகளுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

படி 1: ராம் பார்த்துப் பெயரைக் குறுக்குவது

8 ஜிபி இருந்தால் கவலையே இல்லை. லினக்ஸ் மின்ட் சின்னமன் போடுங்கள். உபுண்டு பிடித்தால் அதுவும் சரி. 4 ஜிபி என்றால் மின்ட்டிலேயே இன்னும் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி என்றால் எம்எக்ஸ் லினக்ஸின் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பு அல்லது ஆன்டிஎக்ஸ். ஆனால் 2 ஜிபியில் எதைப் போட்டாலும் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். ராமைத் தின்பது பெரும்பாலும் பிரவுசர்தான், அதற்கு லினக்ஸ் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ஒரு ராம் ஸ்டிக்கும் சின்ன எஸ்எஸ்டியும் வாங்குங்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். கடைக்காரரிடம் வெறுமனே டிடிஆர்3 என்று கேட்காமல், பழைய ஸ்டிக்கைக் கழற்றி எடுத்துப் போய்க் காட்டுங்கள். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலோரம் இருப்பவர்கள் ஸ்டிக்கின் பொன்னிறக் கால்களையும் பாருங்கள். உப்புக் காற்றில் கறை படிந்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள். "மெஷின் செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்ததில் சில இப்படியே எழுந்து உட்கார்ந்தன.

ஏன் மின்ட்டையே சொல்கிறேன் என்றால், அதன் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். இப்படிப்பட்ட நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு நடுவில் வரும் உபுண்டு பதிப்புகளுக்கு 9 மாத ஆதரவுதான். ஃபெடோராவுக்கு ஏறக்குறைய 13 மாதம். ஆர்வம் இருப்பவர்களுக்கு அது விளையாட்டு, ஆனால் அம்மா பயன்படுத்தும் மெஷினில் எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம். அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. மரியாதை உண்டு. ஆனால் ஏதாவது சிக்கினால் தேடிப் பார்க்கும்போது மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும் கிடைக்கும் அளவுக்குப் பதில் கிடைக்காது.

படி 2: இறக்குவது

லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். மொபைல் டேட்டாவில் தினசரி அளவு வைத்திருப்பவர்கள் டோரன்ட் இணைப்பை எடுத்து கியூபிட்டோரன்ட் என்ற மென்பொருளில் போடுங்கள். இன்றைய டேட்டா தீர்ந்தால் நாளை விட்ட இடத்திலிருந்து தொடரும். வந்த ஃபைல் உடைந்திருக்கிறதா என்பதை டோரன்ட்டே துண்டு துண்டாகச் சரிபார்த்துவிடும்.

பென்டிரைவில் ஏற்ற எனக்குப் பிடித்தது வென்டாய் என்ற கருவி. ஒருமுறை பென்டிரைவில் அதைப் போட்டுவிட்டால் (உள்ளே இருப்பது அழியும், பார்த்துக்கொள்ளுங்கள்), பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சும்மா காப்பி செய்தால் போதும். மின்ட், எம்எக்ஸ் இரண்டையும் ஒரே பென்டிரைவில் வைத்து மாறி மாறி ஓட்டலாம். தேர்வு செய்யத்தானே இத்தனையும்? பிளாட்பாரத்தில் வாங்கிய மலிவு பென்டிரைவ் 64 ஜிபி என்று காட்டும், உள்ளே அவ்வளவு இருக்காது. பாதியில் எழுதாமல் நின்றால் லினக்ஸைத் திட்டாதீர்கள்.

படி 3: பூட் செய்வது. இங்கேதான் மாட்டும்

மெஷினை ஆன் செய்ததும் எஃப்12 (எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9) தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும். பல மெஷின்களில் உங்கள் பென்டிரைவ் அதில் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (மெஷின் தொடங்கும் புதிய முறை) என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது (அது லெகசி என்ற பழைய முறை). எதை அழுத்தினாலும் லினக்ஸ் வரும். அதுதான் சிக்கலே. நான் முதலில் தடுக்கி நின்றதும் இங்கேதான்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதாக இருந்தால், விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அதே முறையில்தான் பென்டிரைவையும் திறக்க வேண்டும். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் "பயாஸ் மோட்" என்ற வரி இருக்கும். அதில் யூஇஎஃப்ஐ என்றால் பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ போட்ட வரி, லெகசி என்றால் மற்றது. மாற்றித் திறந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்த மாதிரி தெரியும். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் இரண்டில் ஒன்றைக் காணோம். ஃபைல் எதுவும் அழிந்திருக்காது, பூட் மெனுவில் முறையை மாற்றித்தான் அதைத் திறக்க முடியும். விண்டோஸே வேண்டாம், முழு டிஸ்க்கும் லினக்ஸுக்குத்தான் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இரண்டையும் வைத்துக்கொள்பவர்களுக்கு இன்னும் இரண்டு வேலை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுதவும் முடியாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறது என்றால் அதன் ரிகவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

படி 4: இன்ஸ்டால் செய்யாமல் ஒரு மாலை முழுக்க ஓட்டுவது

லைவ் டெஸ்க்டாப் வந்ததும் இன்ஸ்டால் ஐகானில் கை வைக்காதீர்கள். ஒய்ஃபை கிடைக்கிறதா, பாட்டு கேட்கிறதா, வெளிச்சம் கூட்டும் கீ வேலை செய்கிறதா, கேமரா வருகிறதா என்று பாருங்கள். மூடியைச் சாத்தி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா? பலர் பார்க்க மறப்பது இதைத்தான். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஒய்ஃபை வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். பழைய பிராட்காம் சிப்களுக்குத் தனி டிரைவர் போட வேண்டும், அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். போன் வீட்டு ஒய்ஃபையில் இருந்தால் அந்த இணைப்பே லேப்டாப்புக்கு வரும், டேட்டா செலவாகாது. பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் மீதியை அதுவே காட்டும்.

மின்ட்டில் ஏதோ ஒன்று முரண்டு பிடித்தால் அதே பென்டிரைவில் எம்எக்ஸைத் திறந்து பாருங்கள். எதில் அதிகம் வேலை செய்கிறதோ அதுதான் உங்கள் லினக்ஸ்.

இன்ஸ்டால் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்தான். பாட்டு, வீடியோ ஓடுவதற்கான மல்டிமீடியா கோடெக்ஸ் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி தாங்காது, அதனால் அன்றைக்கு உங்கள் ஏரியாவில் மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

படி 5: தமிழ் அடிப்பது

கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும். அதைச் சேர்த்துவிட்டு "தமிழ் சரியாக வரவில்லை" என்கிறார்கள் பலர். அது ஒரு கீக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் ஓடுவது. தமிழ்99-இல் நமக்குப் பழக்கமான தானாகப் புள்ளி வைக்கும் வசதி அதில் வராது.

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜைப் போடுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ், அதற்குள் தமிழ்99. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அ, ம, ம, ஆ என்று நாலு கீ தட்டுங்கள். "அம்மா" வந்தால் சரி. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைப்பவர்களுக்கு அதே பட்டியலில் ஃபோனடிக் இருக்கிறது.

பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் லிப்ரே ஆபீஸில் கிறுக்கல் மாதிரி தெரியும். பழைய மெஷினிலிருந்து அந்த எழுத்துரு ஃபைலை எடுத்து வந்து டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் செய்தால் படிக்க முடியும்.

பின்சேர்க்கை

கொடுங்கையூரிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: லைவ் நன்றாக ஓடுகிறது, இன்ஸ்டால் செய்யப் போனால் டிஸ்க்கே தெரியவில்லை. டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் டிஸ்க் இருந்தால் இப்படி ஆகும். பயாஸில் (ஆன் செய்யும்போது திறக்கும் மெஷினின் அமைப்புத் திரை) அதை ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். விண்டோஸ் வேண்டும் என்றால் நேரடியாக மாற்றாதீர்கள். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்து, பிறகு அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள்.

32 பிட் மெஷின் வைத்திருப்பவர்கள் சிலர் கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை, மின்ட் 22-உம் 64 பிட்தான். டெபியன் 12 அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட எம்எக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பை எடுங்கள். அதற்கு முன் பிராசஸர் பெயரைத் தேடிப் பாருங்கள். விண்டோஸ் 32 பிட் என்று காட்டுவதால் மட்டும் மெஷின் 32 பிட் ஆகிவிடாது. 64 பிட் பிராசஸரில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்த மெஷின்கள் நிறைய உண்டு.